மைத்துனர் மகனின் ஸ்டார்ட்அப்பில் பணம் போடலாமா?

கேள்வி: துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுப் பணம் 15 லட்சம் ரூபாய் வங்கியில் இருக்கிறது. காசிமேட்டு மீனை வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும் நிறுவனம் தொடங்கியுள்ள என் மைத்துனர் மகன், 5 லட்சத்தைப் பங்கு முதலீடாகக் கேட்கிறான். எனக்குத் துணிவு இருக்கிறது. என் மனைவிதான் பயப்படுகிறார். யார் பக்கம் நியாயம்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் மனைவியின் தயக்கத்தை வெறும் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு தொகையை இழக்கும் வலி, அதே தொகையைப் பெறும் மகிழ்ச்சியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானெமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி ஆகியோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. பணத்தின் மதிப்பு அவரவர் கையிருப்பைப் பொறுத்தது என்று கணித அறிஞர் டேனியல் பெர்னூலி 1738-லேயே எழுதிவிட்டார். 5 கோடி வைத்திருப்பவருக்கு 5 லட்சம் நூற்றில் ஒரு பங்குதான். அவர் பல நிறுவனங்களில் பிரித்துப் போட்டு, பெரும்பாலானவை மூழ்கினாலும் ஒன்றிரண்டு கரைசேரும் என்று காத்திருக்க முடியும். உங்களுக்கு அது மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஒரே நிறுவனத்தில். துணிவு மனத்தின் இயல்பு. இழப்பைத் தாங்கும் வலு வீட்டுக் கணக்கில் இருக்கிறது.

உங்கள் துணிவு எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். பழகிய தொழிலில் ஆபத்து குறைவாகத் தோன்றுவது மனித இயல்பு. விசைப்படகில் பங்கு போட்டவர், டீசலும் ஐஸும் ஏற்றிச் சென்ற படகு வெறுமையாகத் திரும்பினால் சில நாட்களிலேயே நிலவரத்தை அறிவார். வேண்டாமென்றால் படகை விற்றுப் பிரித்துக்கொள்ளவும் வழியுண்டு. ஆனால் பிரைவேட் லிமிடெட், அதாவது பங்குச் சந்தையில் இல்லாத தனியார் நிறுவனத்தின் பங்கைச் சந்தையில் விற்க முடியாது. பிறருக்கு மாற்றவும் கட்டுப்பாடுகள் உண்டு. தொழில் நிலைக்குமா என்பது தெரியவே பல ஆண்டுகள் ஆகலாம். வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை உள்ள காப்பீடு இதற்கு இல்லை. (15 லட்சமும் ஒரே வங்கியில் இருந்தால் அதையும் பிரித்து வையுங்கள்.)

முழுவதும் போனாலும் மருத்துவச் செலவோ மாதச் செலவோ தடைபடாத தொகை எது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அது 50,000 ரூபாயாகவும் இருக்கலாம். பிறகு பையனை வீட்டுக்கு அழைத்து, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எதை விற்பான், சம்பளம் எப்படிக் கொடுப்பான் என்ற கணக்கைக் கேளுங்கள். கேள்விகளை உங்கள் மனைவியே கேட்கட்டும்.