இன்சுலினைவிட எனக்குக் கவலை தண்ணீர்தான்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 64 வயது. 12 வருடமாகச் சர்க்கரை நோய். இரவில் இன்சுலின், இரண்டு வேளை மெட்ஃபார்மின், பிரஷருக்கு ஈனலாப்ரிலும் ஹைட்ரோகுளோரோதயசைடும் எடுக்கிறார். டிசம்பரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் டர்பனிலிருந்து காரில் அப்பிங்டன், ஆக்ராபீஸ் அருவி, அங்கிருந்து கலஹாரிப் பாலைவனப் பக்கம் போகிறோம். அந்த வெயிலில் இன்சுலின் கெட்டுப்போகாமல் எப்படிக் கொண்டுபோவது? வழியில் அடிக்கடி வண்டியை நிறுத்தப் பிடிக்காமல் அவர் தண்ணீரே குடிப்பதில்லை. அதனால் ஒன்றும் இல்லையே?
வாசகி, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, இன்சுலின் விஷயத்தைக் கீழே சொல்கிறேன். அதைவிட, நீங்கள் கடைசியாக எழுதிய அந்த ஒரு வரிதான் எனக்குப் பயத்தைத் தருகிறது.

டிசம்பரில் டர்பனில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வேர்க்கிறது என்று நமக்கே தெரியும். அப்பிங்டனில் 40 டிகிரி வெயிலிலும் சட்டை காய்ந்தே இருக்கும். வேர்வை வராமல் இல்லை. வந்த வேகத்தில் அந்த வறண்ட காற்று அதைக் குடித்துவிடுகிறது. வயதானால் தாகமும் மந்தமாகிவிடும். ஆக, உடம்பு வற்றிக்கொண்டிருப்பது அவருக்கே தெரியாது.

இதோடு அவருடைய மாத்திரைகளையும் சேர்த்துப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு நீரை வெளியே தள்ளும் மருந்து. நீர் வற்றிய உடம்பில் ஈனலாப்ரிலும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று தளர்ந்துபோகலாம். மெட்ஃபார்மின் வெளியேறுவதும் சிறுநீரகம் வழியாகத்தான். அது தேங்கினால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும், உயிருக்கே ஆபத்தாகும். நல்ல மருந்துகள்தான், எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே அவருடைய டாக்டரிடம் போய், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையைச் செய்து பாருங்கள். வழியில் வாந்தி, பேதி வந்தால் எந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வண்டியை நிறுத்தப் பிடிக்கவில்லை என்கிறாரே, உண்மைக் காரணம் அதுதானா? அடிக்கடி சிறுநீர் முட்டுகிறது, அடக்க முடியவில்லை என்பதை ஆண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, மனைவியிடம்கூட. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் அப்படி இருக்கும், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் பிராஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தாலும் இருக்கும். பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு.

டர்பனிலிருந்து அப்பிங்டன் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம், புளூம்ஃபொன்டேனில் இரவு தங்குங்கள். கிம்பர்லியைத் தாண்டினால் கிரிக்வாடவுன் வரவே 150 கிலோமீட்டர் இருக்கும், வழியில் நிழலும் குறைவு. விடியற்காலையில் கிளம்பி, உச்சி வெயிலுக்கு முன் ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள்: இறங்கி நடக்க, சிறுநீர் கழிக்க, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க. மீட்டரில் 5 mmol/L-க்குக் கீழே இருந்தால் அவர் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. 4-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வெயிலில் இன்சுலின் உடம்பில் சீக்கிரம் ஏறும், அதனால் தாழ்வு எதிர்பாராமல் வரும்.

இதயமும் சிறுநீரகமும் சரியாக இருந்தால் நாளுக்கு மூன்று லிட்டராவது குடிக்கட்டும், மணிக்கு ஒரு டம்ளர் என்று நீங்களே நீட்டுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறார் என்று அர்த்தம். கூல்டிரிங்க்ஸ் வேண்டாம். வழிக்கடைகளில் தொங்கும் பில்டாங் என்ற உலர்ந்த இறைச்சி உப்பு மிகுந்தது, பிரஷர்காரருக்கு ஆகாது.

இப்போது இன்சுலின். காரின் முன்பக்கக் கபிஹோல் அறையிலும் பின்பக்க டிக்கியிலும் வைக்கவே கூடாது, நிறுத்திய கார் அடுப்பாகிவிடும். கூலர் பாக்ஸில் ஐஸ் பிரிக் மேல் துண்டு விரித்து வையுங்கள், ஐஸ் நேராகப் படக் கூடாது. உறைந்துபோன இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டியதுதான். இப்போது குத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் பென்னை 25 அல்லது 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் வெளியே வைக்கலாம், உங்கள் மருந்தின் துண்டுச்சீட்டைப் படித்து அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் ஈரமான மண்பானையே போதும். காற்று வறண்டிருப்பதால் டர்பனைவிட அங்கேதான் அது நன்றாகக் குளிரும். பார்க்கத் தெளிவாக இருந்தும் இன்சுலின் கெட்டிருக்கலாம், காரணமில்லாமல் சர்க்கரை ஏறினால் புதிய பென்னுக்கு மாறுங்கள்.

ஆக்ராபீஸ் பாறையில் அவர் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. சர்க்கரையால் உணர்ச்சி மரத்த பாதம் சுட்டுப் பொத்துப்போனாலும் வலிக்காது. இரவு படுக்குமுன் உள்ளங்காலை நீங்களே பாருங்கள்.

அவர் உளறினால், தள்ளாடினால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரை தாழ்ந்திருக்கவில்லை, உடம்பு கொதிக்கிறது என்றால் அது வெப்பத்தாக்கு. நிழலில் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, தண்ணீரால் நனைத்து விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு 10177-க்கோ, செல்போனிலிருந்து 112-க்கோ அழையுங்கள். அதற்கென்று குடிநீர் தவிரப் பத்து லிட்டர் தண்ணீர் வண்டியில் தனியாக இருக்கட்டும்.