வினாத்தாள் தந்த பட்டமும் வார்டில் போன இருபது நிமிடமும்

கேள்வி: நான் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி. ‘நான் கற்கும் முறையும் பணிபுரியும் முறையும்’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் கொடுத்த வினாத்தாளை நிரப்பியபோது, நான் செய்து பார்த்துக் கற்பவள், ஒதுங்கி நின்று யோசித்த பிறகே செயல்படுபவள் என்று முடிவு வந்தது. அது சரிதான். புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கத்துக்கு மேல் மனம் நிற்காது. ஒரு முறை செய்து காட்டினால் பிடித்துக்கொள்வேன். தனியாக வேலை செய்வதே பிடிக்கும். வார்டில் என்னை மந்தம் என்கிறார்கள். போன மாதம் ஒரு முதியவரின் சுவாசத்தை எண்ணியபோது நிமிடத்துக்கு 26 வந்தது. தவறாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். படிவத்தில் குறித்துவிட்டு, யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் கழித்து மூத்த செவிலியர் படிவத்தைப் பார்த்துவிட்டு, “ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார். நல்லவேளையாக நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் சுபாவத்துக்கு இந்தத் தொழில் ஒத்துவருமா? கட்டுரையை எப்படி எழுதுவது?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வினாத்தாளைப் பற்றிய கடிதமாகத் தெரிந்தது. இரண்டாம் முறை படித்தபோது, அந்த 26 என்ற எண்ணுக்காகவே முழுக் கடிதத்தையும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றியது. ஆனாலும் வினாத்தாளிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நடந்ததை மறைத்துக்கொண்டு நிற்பது அதுதான்.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், படித்தும் எழுதியும் கற்பவர், செய்து கற்பவர் என்னும் நான்கு வகைப் பிரிவு 1992-இல் நீல் ஃப்ளெமிங் என்ற நியூசிலாந்துக் கல்வியாளர் முன்வைத்ததிலிருந்து பரவியது. ஒதுங்கி நின்று யோசிப்பவர் என்ற பட்டம் பீட்டர் ஹனி, ஆலன் மம்ஃபோர்டு ஆகிய இருவரும் 1980-களில் வகுத்த இன்னொரு நால்வகைப் பிரிவிலிருந்து வந்தது. ஒருவர் தம்மைப் பற்றி யோசிக்கத் தொடங்குவதற்கு இவை உதவும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், ஒருவருக்குப் பிடித்த வழியிலேயே கற்பித்தால் அவர் கூடுதலாகக் கற்பார் என்ற நம்பிக்கைக்குப் போதிய சான்று இல்லை என்று, ஹரால்டு பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைப் பரிசீலித்து 2008-இல் எழுதினார்கள். உங்களுக்குப் பிடித்த வழி எது என்பதை வினாத்தாள் சொல்கிறது. உங்களால் எது முடியும் என்பதை அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

செவிலியர் பணியில் இந்த வேறுபாடு வெகு சீக்கிரம் வெளிப்பட்டுவிடும், ஏனெனில் இங்கே எந்தப் புலன் வேண்டும் என்பதைக் கற்கப்படும் பொருளே தீர்மானிக்கிறது. நுரையீரலில் எழும் இரைச்சலை எல்லோரும் காதால்தான் கற்க வேண்டும். இரத்தக் குழாயில் ஊசி ஏற்றுவதைப் பற்றி எத்தனை பக்கம் படித்தாலும் கை பழகாமல் வராது. மருந்தின் அளவைக் கணக்கிடுவதற்குத் தாளும் பேனாவும் வேண்டும். இதய நோய்க்குத் தரப்படும் டிஜாக்சின் மாத்திரையை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கொடுப்பதற்கு முன் இதய நுனியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணுவதை உங்கள் கையும் காதும் ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிடும். ஆனால் பெரியவர் ஒருவருக்குத் துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்து மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும், அந்த மருந்து துடிப்பை ஏன் குறைக்கிறது என்பதும் விரல் நுனியில் தட்டுப்படுகிற அறிவு அல்ல. அது நீங்கள் ஓடி ஒளிகிற அந்த மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

ஆகவே ‘நான் செய்து கற்பவள்’ என்ற வாக்கியம் உங்கள் கட்டுரையில் இருக்கலாம். அதற்கு அடுத்த வாக்கியம் ‘அதனால் படிப்பது எனக்கு வராது’ என்று மட்டும் இருக்கக் கூடாது. படிப்பதையே ஒரு செயலாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஒரு பக்கத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நின்றதை வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். விடுபட்டதை மட்டும் திறந்து பாருங்கள். ரோடிகர், கார்ப்பிக்கி ஆகிய இருவர் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். வண்ணப் பேனாவால் வரிக்கு வரி கோடு போட்டுப் படிக்கும் மாணவர்களைப் பல ஆண்டுகள் பார்த்தவள் என்ற முறையில், இந்த முடிவைப் படித்தபோது எனக்கு வியப்பே ஏற்படவில்லை.

இனி ‘மந்தம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இதில் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். செவிலியர்களின் திறன் படிப்படியாக வளரும் விதத்தை பாட்ரீசியா பென்னர் 1984-இல் ஐந்து நிலைகளாக விவரித்தார். முதல் நிலையில் இருப்பவர் விதிகளைப் பற்றிக்கொண்டு நடக்கிறார். கண்ணெதிரே இருக்கும் பத்து விஷயங்களில் எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று அவருக்குத் தெரிவதில்லை. ஏறத்தாழ ஒரே விதமான பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்த பிறகுதான் மூன்றாம் நிலையான தேர்ச்சி வருகிறது என்றார் அவர். அப்படியிருக்க, பத்தாண்டு அனுபவம் உள்ளவரின் வேகத்துக்குப் பக்கத்தில் வைத்து உங்களை அளந்தால் நீங்கள் மந்தமாகத்தான் தெரிவீர்கள். அது சுபாவம் அன்று. நீங்கள் நிற்கும் படி. மருந்து கொடுக்கும்போது நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என ஐந்தையும் நின்று சரிபார்ப்பதால் ஏற்படும் தாமதத்துக்காக எவரிடமும் வருத்தம் தெரிவிக்காதீர்கள்.

ஆனால் அந்த இருபது நிமிடம் வேறு வகையைச் சேர்ந்தது. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஓய்வாக இருக்கும் பெரியவருக்குச் சுவாசம் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருப்பது இயல்பு. 26 வந்ததும் நீங்கள் மறுபடி எண்ணியது சரி. நானாக இருந்தாலும் எண்ணியிருப்பேன். இரண்டாவது முறையும் அதே எண் வந்த கணத்தோடு உங்களுடைய யோசனை முடிந்திருக்க வேண்டும். உடல்நிலை மோசமாகத் தொடங்கும்போது மற்ற அளவுகளுக்கு முன்பாகவே மாறக்கூடியது சுவாச வேகம். உங்கள் கண்ணில் பட்ட அந்த மாற்றம் இருபது நிமிடம் ஒரு தாளில் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. இதை ‘நான் யோசித்துச் செயல்படுபவள்’ என்று கட்டுரையில் எழுதினால், ஒரு தயக்கத்துக்கு நல்ல பெயர் சூட்டியதாகவே ஆகும். நீங்களே எழுதியிருப்பதைப் பாருங்கள்: நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தது அந்த நோயாளிக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி அன்று, யாரிடம் எப்படிச் சொல்வது என்பதைப் பற்றி. தவறாக எண்ணியிருந்தால் சிரிப்பார்களோ என்ற அச்சமும் அதில் கலந்திருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

நான் மாணவியாக இருந்தபோது, இரவுப் பணியில் ஒரு நோயாளியின் கட்டு நனைந்திருப்பதைப் பார்த்தும், பொறுப்பில் இருந்தவர் கோபக்காரர் என்பதால் காலைவரை சொல்லாமல் இருந்தேன். காலையில் கட்டைப் பிரித்தபோது நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத இன்றும் எனக்கு விருப்பமில்லை. அச்சம் உங்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு விடை எளிது. இப்போது என்ன நடக்கிறது, நோயாளி எதற்காகச் சேர்க்கப்பட்டவர், நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும் என்ற நான்கையும் இதே வரிசையில் சொல்லும் முறையை உங்களுக்கு வகுப்பில் கற்றுக்கொடுத்திருப்பார்கள். ‘அக்கா, மூன்றாம் படுக்கையில் இருப்பவருக்குச் சுவாசம் 26, இரண்டு முறை எண்ணினேன். நேற்று நெஞ்சுச் சளிக்காகச் சேர்ந்தவர். மூச்சுவிடச் சிரமப்படுகிறார் என்று நினைக்கிறேன். வந்து பார்க்க முடியுமா?’ இதைச் சொல்லப் பத்து விநாடி போதும். நீங்கள்தான் செய்து கற்பவர் ஆயிற்றே; தோழி ஒருத்தியை எதிரே நிறுத்தி, வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பழகுங்கள். தனியாக வேலை செய்வது பிடித்திருந்தால் தவறில்லை, குறிப்பேட்டில் அன்றைய வேலைகளை நேர வரிசையில் எழுதி வைத்துக்கொண்டு தனியாகவே முடிக்கக் கூடியவை எத்தனையோ உண்டு. இயல்பு வரம்பைத் தாண்டிய எண் எதையும் அந்தத் தனிமைக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கட்டுரையைப் பொறுத்தவரை, வினாத்தாளுக்கு ஒரு பத்தி போதும். மீதியை அந்தச் சம்பவத்துக்குக் கொடுங்கள். நடந்த அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதுவதற்குக் கிரஹாம் கிப்ஸ் 1988-இல் வகுத்த ஆறு படிகளைப் பெரும்பாலான செவிலியர் ஆசிரியர்கள் எதிர்பார்ப்பார்கள்: நடந்தது, உணர்ந்தது, நல்லதும் கெட்டதும், காரணம், முடிவு, அடுத்த முறை செய்யப்போவது. மாணவர்கள் முதல் படிக்கே மூன்று பக்கம் செலவழித்துவிட்டுக் கடைசிப் படியை ‘இனி கவனமாக இருப்பேன்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவதை அலுக்கும் அளவுக்குத் திருத்தியிருக்கிறேன். நீங்கள் நான்காவது படியில் நின்று நிதானமாக எழுதுங்கள். அங்கேதான் உங்கள் சுபாவம் உண்மையில் வெளிப்படும். நோயாளியின் பெயர், படுக்கை எண், வார்டு, மருத்துவமனை எதுவும் வரக்கூடாது. அந்த மூத்த செவிலியரையும் அடையாளம் தெரியாதபடி எழுதுங்கள்.

இந்தத் தொழில் ஒத்துவருமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு முறை எண்ணிவிட்டு ஏதோ ஓர் எண்ணைக் குறிக்காமல் இரண்டாம் முறையும் எண்ணியவர் நீங்கள். ஒரு நிமிடம்கூட எண்ணாமல் எல்லாப் படிவத்திலும் 18 என்று எழுதிவிட்டுப் போகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நாளைய பணி தொடங்கும்போது உங்களுக்குப் பொறுப்பான செவிலியரிடம் சென்று, “அக்கா, சந்தேகம் வந்தால் தயங்கிவிடுகிறேன். இன்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை உங்களிடம் வந்து நிலவரம் சொல்லட்டுமா?” என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதையும், சொன்னபடி எத்தனை முறை சென்றீர்கள் என்பதையும் அன்றிரவே எழுதிவிடுங்கள். உங்கள் கட்டுரையின் ஆறாவது படிக்கு அதுவே போதும்.