மடியில் வைத்தே எடுக்கலாம்

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. டெங்கு வந்தபோது பிளேட்லெட் பார்க்க தினமும் ரத்தம் எடுத்தார்கள். நாலு பேர் அமுக்கிப் பிடித்துத்தான் எடுத்தார்கள். இப்போது லேப் வாசலைப் பார்த்தாலே அலறுகிறான். அடுத்த வாரம் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வலி தெரியாமல் எடுக்க முடியுமா, சிஸ்டர்?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: வலியைக் குறைக்கலாம்மா. ஆனால் உங்கள் பிள்ளையை அலற வைப்பது ஊசியைவிட அந்த அமுக்கல்தான் என்று நினைக்கிறேன். மல்லாக்கப் படுக்கவைத்து நாலு பேர் குனிந்தால் எந்தக் குழந்தையும் மிரளும். குழந்தைகள் வார்டில் சேர்ந்த புதிதில் நானும் அப்படிப் பிடித்திருக்கிறேன். இன்றும் மனசு உறுத்துகிறது.

அவனை மடியில் உட்கார வையுங்கள். நெஞ்சு உங்கள் நெஞ்சோடு ஒட்டட்டும், கால்கள் உங்கள் இடுப்பைச் சுற்றி இருக்கட்டும். ஒரு கையை மட்டும் உங்கள் அக்குள் வழியாகப் பின்பக்கம் நீட்டிவிடுங்கள். அந்தக் கையை மட்டும் ஒருவர் அசையாமல் பிடித்தால் போதும். ஸ்பிரிட் காயும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். ஈரத்தோடு குத்தினால் சுரீர் என்று எரியும்.

லிடோகெயினும் பிரிலோகெயினும் சேர்ந்த மரத்துப்போகும் கிரீம் இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்ன அளவு மட்டும் போடுங்கள். தேய்க்காமல் முழங்கை மடிப்பில் கெட்டியாக வைத்து, மேலே பிளாஸ்டிக் ஒட்டி, 1 மணி நேரம் விட வேண்டும். பத்தே நிமிடத்தில் துடைத்துவிட்டு 'கேட்கவே இல்லை' என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். துடைத்ததும் தோல் வெளுத்து நரம்பு சுருங்கித் தெரியும். கொஞ்ச நேரம் விட்டால் எழும்பிவிடும். வெறும் வயிற்றில் வரச் சொல்லவில்லை என்றால் நிறையத் தண்ணீர் கொடுத்து அழைத்துப் போங்கள்.

சோப்புக் குமிழி ஊதும் டப்பா ஒன்று பையில் இருக்கட்டும். குத்தும் நேரத்தில் ஊதச் சொல்லுங்கள்.

அப்புறம், 'எறும்பு கடிச்ச மாதிரிதான்' என்று பொய் சொல்லாதீர்கள். 'சுருக்குன்னு இருக்கும், அம்மா பிடிச்சுக்கிறேன், அழணும்னா அழு' என்று சொல்லுங்கள். சாப்பிடாவிட்டால் ஊசி போடச் சொல்வேன் என்று வீட்டில் யார் மிரட்டினாலும், இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லையா? 'வேறு யாராவது பார்க்கிறீர்களா?' என்று கேளுங்கள். முகம் சுளித்தாலும் கேளுங்கள்.