ஒரே நாற்று, இரண்டு வளர்ச்சி

கேள்வி: திருவட்டாறு அருகே மேட்டில் நட்ட தேக்கு நன்றாக வளர்கிறது. கீழே, பழைய வயலில் நட்டது நாலு வருடமாகியும் இடுப்பளவுதான். உரம் போதவில்லையா?

பதில்: உரமல்ல, வேரில் தேங்கும் தண்ணீர்தான் காரணமாக இருக்கும். தேக்கின் வேருக்குக் காற்று வேண்டும். நீர் நின்றால் வேர் மூச்சுமுட்டி அழுகும். மழைக்காலத்தில் இரண்டடிக் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். மறுநாளும் வடியாவிட்டால், வடிகால் இல்லாமல் அது தேக்குக்கான இடமல்ல. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் வயலோர நிலம் காய நேரமே கிடைப்பதில்லை.

வரிசைகளுக்கு இடையே இரண்டடி ஆழ வாய்க்கால் வெட்டி, சரிவு பார்த்து ஓடையில் சேர்த்துவிடுங்கள். ஓடை மட்டம் உயர்ந்திருந்தால் வாய்க்கால் பயன்படாது. அங்கே ஈரம் தாங்கும் நீர்மருது மரம் நடுவதே புத்திசாலித்தனம்.

வடிகால் சரியானால், மே கடைசியில் குட்டைக் கன்றுகளைத் தரையையொட்டி வெட்டுங்கள். துளிர்ப்பதில் நேரான ஒன்றை மட்டும் விடுங்கள். மண்ணின் பி.எச். (அமில-கார அளவு) 6-க்குக் கீழே இருந்தால், பரிசோதனை அறிக்கை சொல்லும் அளவில் டோலமைட் (சுண்ணாம்புச்சத்துள்ள கல்தூள்) இடுங்கள். தேக்கு சுண்ணாம்புச்சத்தை விரும்பும். பக்கத்துத் தென்னை, ரப்பர் நிழலையும் பாருங்கள், தேக்கு நிழல் தாங்காது.

மேட்டிலும் ஒரு மீட்டர் தோண்டிப் பார்ப்பது நல்லது. வெட்டுக்கல் (கெட்டியான செம்பாறை) தட்டினால் சில வருடங்களில் அங்கும் வளர்ச்சி நின்றுவிடும்.