கேம் மூலை: கார்டு மூன்று, இடம் மட்டும் இல்லை

"இடம் போதவில்லை" என்ற புலம்பல்தான் இம்முறை கடிதங்களில் அதிகம். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச். அதற்கு 64, 128, 128 ஜிபி என மூன்று மைக்ரோ எஸ்டி கார்டுகள். சாகசம் ஒன்றில், ரேஸ் ஒன்றில், பிள்ளைகள் ஆடுவது ஒன்றில் என்று ஒழுங்காகப் பிரித்துத்தான் வைத்தேன். இப்போது எந்தக் கார்டைப் போட்டாலும் பாதி கேம் திறப்பதில்லை. ஒரே கேம் இரண்டு கார்டில் இருக்கிறது. எப்படிப் பிரித்தால் இடம் மிஞ்சும்?

சாகசம், ரேஸ் என்று பிரிப்பது கடை அலமாரிக்குச் சரி. வீட்டில் யாரும் "இன்று ரேஸ் மட்டும்" என்று முடிவுசெய்துவிட்டு உட்காருவதில்லை. இருப்பதோ ஒரே ஸ்லாட். என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். ரேஸ் கார்டு ஸ்லாட்டில் இருக்கிறது. ஆனால் சாகச கேமின் படமும் முகப்பில் தெரிகிறது, படம் மட்டும் மெஷினிலேயே இருப்பதால். பிள்ளை அதை அமுக்குகிறது. டேட்டா இல்லை, டவுன்லோடு செய்யலாமா என்று மெஷின் கேட்கிறது. குழந்தைகள் எப்போது "வேண்டாம்" என்றிருக்கிறார்கள்? 16 ஜிபி இரண்டாம் முறை இறங்கிவிடும். அப்டேட்டும் கூடுதல் பாகங்களும் அப்படித்தான்: கேம் ஒரு கார்டில், அதன் அப்டேட் இன்னொன்றில் என்று சிதறிப்போகும்.

பல கார்டுகளில் இருப்பதை ஒரே கார்டில் இணைக்க வழியில்லை என்று நின்டெண்டோவே சொல்கிறது. கம்ப்யூட்டரில் கார்டைத் திறந்து பார்த்தால் காரணம் புரியும். 'நின்டெண்டோ' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே போனால் கேமின் பெயர் எங்கேயும் இருக்காது, எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான பெயர்கள்தான். எது செல்டா, எது மாரியோ என்று பிரித்தறிய முடியாது. ஒன்றின் மேல் ஒன்றைக் கொட்டினால் கன்சோல் ஏற்காது.

கையில் காசிருந்தால் மூன்றையும் ஓரம்கட்டிவிட்டு ஒரே பெரிய கார்டு வாங்குங்கள். மூன்றில் எதில் அதிகம் இருக்கிறதோ அதன் 'நின்டெண்டோ' ஃபோல்டரைக் கம்ப்யூட்டருக்கு நகலெடுங்கள். புதுக் கார்டைக் கன்சோலிலேயே ஃபார்மேட் செய்து, அந்த ஃபோல்டரை அதில் போடுங்கள். மற்ற இரண்டு கார்டில் இருந்ததைத் திரும்ப டவுன்லோடு செய்துகொள்ள வேண்டியதுதான். கார்டைக் கழற்றும் முன் மெஷினை முழுசாக அணைக்க வேண்டும், தூங்க வைத்தால் போதாது. ஸ்விட்ச் 2 வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் பொறுங்கள். அதில் கேம் வைக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகைக் கார்டுதான் ஆகும், பழைய வகையில் எவ்வளவு பெரியது வாங்கினாலும் உதவாது.

இருக்கிற மூன்றை வைத்தே சமாளிக்க வேண்டுமென்றால், எது மாறும் எது மாறாது என்று பாருங்கள். எந்தக் கார்டு உள்ளே போனாலும் மெஷினின் உள் நினைவகம் அங்கேயேதான் இருக்கும். முதலில் வந்த மாடலில் அது 32 ஜிபி, ஓஎல்இடி மாடலில் 64. அதில் ஒரு பகுதி மெஷினுக்கே போய்விடும். மீதியில், எல்லோரும் தினமும் தொடுகிற ஒன்றிரண்டு கேம்களை வையுங்கள். பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்: முதலில் வாங்கியது உள்ளே, பிறகு வாங்கியது கார்டில் என்று வந்த வரிசையில் விட்டுவிடுகிறார்கள். 2020 ஏப்ரலில் வந்த 10.0.0 அப்டேட்டுக்குப் பிறகு உள் நினைவகத்துக்கும் கார்டுக்கும் இடையே கேமை நேரடியாக நகர்த்தலாம். அதற்கு முன் அழித்துவிட்டு மறுபடி இறக்க வேண்டியிருந்தது.

அடுத்து, ஒரு 128 ஜிபி கார்டு ஸ்லாட்டிலேயே குடியிருக்கட்டும். முடிவே இல்லாத கேம்களை, அதாவது நண்பர்களோடு ஆடும் ரேஸ், விவசாய கேம் போன்றவற்றை அதில் வையுங்கள். இன்னொரு 128-இல், இப்போது ஆடிக்கொண்டிருக்கும் நீளமான கதை கேம்கள். 64 ஜிபி கார்டில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. டியர்ஸ் ஆஃப் த கிங்டம் மாதிரி 16 ஜிபி கேம் மூன்று போட்டாலே அது கிட்டத்தட்ட நிறைந்துவிடும். பயணத்துக்கு, அல்லது ஸ்கிரீன்ஷாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி முடித்த கேமை வைத்துக்கொண்டு ஏன் இடத்தை அடைக்கிறீர்கள்? 'ஆர்க்கைவ்' செய்தால் டேட்டா போகும், முகப்பில் படம் நிற்கும், எதுவரை ஆடினீர்கள் என்ற பதிவான சேவும் அப்படியே இருக்கும். ஸ்விட்சில் சேவ் எதுவும் கார்டுக்குப் போவதே இல்லை, எல்லாம் உள் நினைவகத்தில்தான். அதனால் கார்டு தொலைந்தாலும் கேம்தான் போகும், நூறு மணி நேர ஆட்டம் போகாது. சேவ் பதிவை அழிக்க என்று தனியாக ஒரு மெனு உண்டு. அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

இன்னொன்று, வாங்கும்போதே யோசிக்க வேண்டியது. பெரிய கேமைக் கார்ட்ரிட்ஜாகவும் சின்ன கேமை டவுன்லோடாகவும் வாங்குங்கள். விட்சர் 3 மொத்தமும் 32 ஜிபி கார்ட்ரிட்ஜில் வந்தது. அதையே டவுன்லோடாக வாங்கினால் உங்கள் 64 ஜிபி கார்டில் பாதி இடம் போய்விடும். ஆனால் 'கூடுதல் டவுன்லோடு தேவை' என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில கார்ட்ரிட்ஜில் பாதிதான் இருக்கும்.

கேள்வி: 128 ஜிபி என்று வாங்கிய கார்டு 119 தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கருவி 1024 ஆக எண்ணுகிறது. 256 வாங்கினால் 238, 512 வாங்கினால் 476 காட்டும். இடத்தைக் கணக்குப் போடும்போது இந்த எண்களை வைத்தே போடுங்கள்.

உண்மையான ஏமாற்று வேறு. நம்ப முடியாத விலைக்கு '1 டிபி' என்று விற்கும் கார்டுகளில் சில, உள்ளே 32 ஜிபிகூட இல்லாமல், கருவியிடம் மட்டும் பெரிய எண்ணைச் சொல்லும். நிரம்பிய பிறகு போடுவதெல்லாம் பழையதன் மேலேயே எழுதப்படும், அல்லது காணாமல் போகும். புதுக் கார்டை, காலியாக இருக்கும்போதே சோதியுங்கள். அதற்கான மென்பொருள் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. கடைசி வரை எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். பெரிய கார்டுக்கு மணிக்கணக்கில் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிவிடுங்கள்.

கேள்வி: ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியில் 64 ஜிபி மாடல். எல்லா கேமையும் 512 ஜிபி கார்டில்தான் போட்டிருக்கிறேன். அப்படியும் உள்ளே இடம் தீர்ந்துகொண்டே போகிறது. யார் தின்கிறார்கள்?

உங்கள் கேம்கள்தான். கேம் கார்டில் இருந்தாலும், ஷேடர் கேஷும் (காட்சிகளை வரைய முன்கூட்டியே தயாரித்து வைக்கும் டேட்டா), விண்டோஸ் கேம்களை டெக்கில் ஓடவைக்கும் புரோட்டான் உண்டாக்கும் ஃபோல்டரும் வழக்கமாக உள்ளேதான் சேர்கின்றன. டெஸ்க்டாப் மோடில் 'ஸ்டீம்ஆப்ஸ்' ஃபோல்டருக்குப் போனால் 'ஷேடர்கேஷ்', 'காம்பாட்டேட்டா' என்று இரண்டு இருக்கும். இரண்டிலும் வெறும் எண்கள்தான் பெயர். ஒவ்வொரு எண்ணும் ஒரு கேமின் ஸ்டீம் அடையாள எண், கடைப் பக்கத்தின் முகவரியில் பார்த்தால் எது எந்த கேம் என்று தெரியும்.

ஷேடர்கேஷை அழிக்கலாம், தேவைப்பட்டால் மறுபடி உருவாகும். காம்பாட்டேட்டாவில் மட்டும் கை வைக்கும் முன் நிதானம். விண்டோஸ் கேம் ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு குட்டி விண்டோஸ் வீடு கட்டியிருக்கும். கிளவுட் சேவ் இல்லாத கேமின் சேவ் அந்த வீட்டுக்குள்தான் எங்கேயோ கிடக்கும். ஃபோல்டரை அழித்தால் சேவும் சேர்ந்து போகும். இனி தொடவே மாட்டேன் என்ற கேமின் எண்ணை மட்டும் தேடி அழியுங்கள், அதுவும் சேவ் பதிவை எடுத்து வைத்த பிறகு.

ஸ்விட்சைப் போல அல்லாமல், டெக்கில் கார்டு மாற்றி மாற்றிப் போடுவது சுகம். ஒவ்வொரு கார்டும் தனி நூலகம், கேம் ஓடாத நேரத்தில் மெஷினை அணைக்காமலே மாற்றலாம். எந்தக் கார்டில் எது என்பதுதான் மறந்துபோகும். 15க்கு 11 மில்லிமீட்டர் துண்டில் பெயர் எழுத இடம் ஏது? நான் பெர்மனன்ட் மார்க்கரால் எண் மட்டும் போட்டு, கார்டு டப்பாவின் மூடிக்குள் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். ஸ்டிக்கர் வேண்டாம், ஸ்லாட்டுக்குள் உரிந்துகொண்டால் சங்கடம்.

கேள்வி: பழைய கேம் ஆடும் கைக்கருவி, இரண்டு கார்டு ஸ்லாட் உள்ளது. என்னிடமுள்ள டிஸ்க்குகளையும் கார்ட்ரிட்ஜ்களையும் நகலெடுத்துப் போட்டேன். கிளஸ்டர் அளவைக் குறைத்து ஃபார்மேட் செய்தால் இடம் மிச்சமாகும் என்கிறார்களே?

மிச்சமாகும், பிரயோசனப்படாத அளவுக்கு. கிளஸ்டர் என்பது ஒரு ஃபைலுக்கு ஒதுக்கும் மிகச் சிறிய இடத்துண்டு. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை விண்டோஸ், எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் செய்தால் கிளஸ்டர் 128 கேபி. 40 கேபி கேமும் 128 கேபியைப் பிடித்துக்கொள்ளும், உண்மைதான். அப்படி 2000 கேம் இருந்தாலும் வீணாவது 180 எம்பிக்குள். ஒரு பிளேஸ்டேஷன் டிஸ்க்கே 600, 700 எம்பி இருக்கும்போது இதற்காக ஒரு மாலையைச் செலவழிக்காதீர்கள்.

இடம் கிடைப்பது டிஸ்க் நகல்களில். பிளேஸ்டேஷன், டிரீம்காஸ்ட் டிஸ்க்குகளை சிஎச்டி என்ற சுருக்கிய வடிவத்துக்கு மாற்றுங்கள். தரத்தில் எதுவும் குறையாது, வேண்டுமானால் பழைய வடிவத்துக்கே திரும்பலாம். மேம் என்ற ஆர்கேட் எமுலேட்டரோடு (பழைய மெஷின்போல நடிக்கும் மென்பொருள்) வரும் சிஎச்டிமேன் என்ற கருவி இதைச் செய்யும். அந்தக் கருவிக்கு '.bin' (பின்) ஃபைலைக் கொடுக்காதீர்கள், '.cue' (கியூ) ஃபைலைக் கொடுங்கள். பாட்டு டிராக்குகள் உள்ள டிஸ்க்கில் பின் ஃபைல் பத்து பதினைந்துகூட இருக்கும், அவற்றின் வரிசை கியூவுக்குத்தான் தெரியும். நின்டெண்டோவின் பழைய கேம்கியூப் டிஸ்க் என்றால் ஆர்விஇசட் வடிவம். கேம் சின்னதாக இருந்தாலும் அந்த டிஸ்க் நகல் 1.4 ஜிபிக்குக் குறையாது, மிச்ச இடத்தைப் பொருளற்ற டேட்டாவால் நிரப்பியிருப்பார்கள். ஆர்விஇசட் அதைச் சுருக்கிவிடும். கார்ட்ரிட்ஜ் கேம்களுக்கு ஜிப்பே போதும். ஆர்கேட் கேமின் ஜிப்புக்கு மட்டும் பெயர் மாற்றாதீர்கள், எமுலேட்டர் அந்தப் பெயரை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது.

இரண்டு ஸ்லாட்டில் ஒன்று சிஸ்டத்துக்கு, மற்றது கேமுக்கு. கருவியோடு வந்த பெயரில்லாத கார்டை நம்பி சேவ் பதிவுகளை வைக்காதீர்கள். முதல் நாளே அதை அப்படியே இமேஜாக (முழுக் கார்டின் நகலாக) எடுத்து, நல்ல கார்டுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கேம்கியூபுக்கு 1019 பிளாக் (சேவ் இடத்தின் அலகு) மெமரி கார்டு வாங்கினேன். நிறைய இடம் இருந்தும் புது சேவ் ஏறமாட்டேன் என்கிறது. கார்டு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. ஃபைல் எண்ணிக்கை முட்டியிருக்கும். பிளாக் எவ்வளவு மிஞ்சினாலும் ஒரு கார்டில் 127 ஃபைல்தான். சின்னச் சின்ன சேவ்களாகச் சேர்த்தால் இதில் மாட்டிக்கொள்வீர்கள். நின்டெண்டோ 64-இன் கன்ட்ரோலர் பேக்கிலும் இதே கதை: 123 பக்கம் உண்டு, ஆனால் 16 பதிவுக்கு மேல் ஏற்காது.

அதனால் சின்ன சேவ்களை 59 பிளாக் கார்டுக்கு மாற்றுங்கள். பெரியவை 1019-இல் இருக்கட்டும். அனிமல் கிராஸிங் ஒரு ஊருக்கே 57 பிளாக் கேட்கும். சில கேம்களின் சேவ் நகலெடுக்க விடாது, அவற்றை முதலில் எந்தக் கார்டில் தொடங்குகிறீர்களோ அதிலேயே வைத்துக்கொள்ளத் திட்டமிடுங்கள். 1019 கார்டோடு ஒத்துப்போகாத கேம்களும் சில உண்டு, எனவே பழைய 251 பிளாக் கார்டு இருந்தால் விற்றுவிடாதீர்கள்.