சத்தம் போடும் சலவை இயந்திரத்தைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். எங்கள் வீட்டில் ஃப்ரண்ட் லோடு வகை வாஷிங் மெஷின், 7 கிலோ, எட்டு வருடமாக ஓடுகிறது. சில வாரங்களாகத் துணி பிழியத் தொடங்கியதும் பக்கத்தில் நெல் மில் ஓடுவதுபோலச் சத்தம் கேட்கிறது. துணி என்னவோ நன்றாகத்தான் வெளுக்கிறது. ஒரு மெக்கானிக் வாசலில் நின்று கேட்டுவிட்டு, பேரிங் போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும் என்றார். கடையில், பழையதைப் போட்டுவிட்டு 30,000 ரூபாயில் புதியது எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நாங்கள் பயன்படுத்துவது போர் தண்ணீர். என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு விலைகள் இருக்கின்றன, ஆனால் அவற்றைச் சொன்ன இருவருமே இயந்திரத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. சத்தம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதை வைத்து இந்த முடிவை எடுக்க முடியாது. மலிவான பழுது வீட்டையே அதிர வைக்கும். இயந்திரத்தின் ஆயுளை முடித்துவிடும் பழுதோ தொடக்கத்தில் மெல்லிய கரகரப்பாக மட்டுமே கேட்கும். எந்தப் பாகம் சத்தம் போடுகிறது, அந்தப் பாகத்தைக் கழற்றி மாற்றும்படி உங்கள் இயந்திரம் செய்யப்பட்டிருக்கிறதா, அந்தப் பாகம் கெட்டதற்கான காரணம் இன்னும் வீட்டிலேயே இருக்கிறதா என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகுதான் 6,500 அதிகமா குறைவா என்று பேச முடியும். அதுவரை பிழியும் வேகத்தை இயந்திரத்தில் உள்ள மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி வையுங்கள். பிழியாமல் நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தி, துணியை நீர் சொட்டச் சொட்டக் கொடியில் போட்டாலும் தவறில்லை.

சத்தம் பிழியும்போது மட்டும் ஏன் வருகிறது என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். அரை கிலோ எடையுள்ள ஈரத் துண்டு ஒன்று டிரம்மின் ஒரே பக்கத்தில் ஒதுங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 50 செ.மீ. விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்றும்போது அந்தத் துண்டு ஏறத்தாழ 50 கிலோ எடைக்குச் சமமான விசையோடு டிரம்மை வெளிப்புறமாக இழுக்கிறது. வேகம் 1200 சுற்றாக உயர்ந்தால் அந்த விசை 200 கிலோ அளவுக்குப் போய்விடுகிறது. வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும் என்பதால்தான், துவைக்கும்போது தெரியாத ஒரு சிறிய தளர்ச்சி பிழியும்போது பெரும் இரைச்சலாக வெளிப்படுகிறது. இந்த விசை முழுவதையும் தாங்குவது டிரம்மின் பின்புறத்தில் உள்ள ஒற்றைத் தண்டும், அது உராயாமல் சுழல உதவும், உள்ளே உருண்டைகள் கொண்ட பேரிங் என்ற இரண்டு உலோக வளையங்களுமே.

மெக்கானிக்கை மறுபடி அழைப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். நம் பகுதியில் வாஷிங் மெஷினைப் பெரும்பாலும் கொல்லைத் தாழ்வாரத்திலோ குளியலறைக்கு வெளியிலோதான் வைக்கிறோம். அங்கே தண்ணீர் வடிவதற்காகக் கொத்தனார் தரைக்கு வாட்டம் கொடுத்திருப்பார். அந்த வாட்டத்தின்மேல் நிற்கும் இயந்திரம் ஒரு காலைத் தூக்கிக்கொண்டுதான் ஓடும். மேல்மூடியின் மீது ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்த்து, கீழே உள்ள திருகுகால்களைச் சரிசெய்து, பூட்டும் நட்டை இறுக்கிவிட்டு, எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பாருங்கள். ஆடவில்லை என்றால் தரை பிரச்சினை இல்லை. சக்கரம் வைத்த ஸ்டாண்டின்மேல் நிறுத்தியிருந்தால் அதை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. இதற்குச் செலவே இல்லை.

அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து, காலி டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பேரிங் கெட்டிருந்தால் பின்புறத்திலிருந்து கரகரவென்று ஓசை வரும். மணல் அரைபடுவதுபோலக் கைக்கே தெரியும். பிறகு டிரம்மின் மேல்விளிம்பை உள்ளிருந்து பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். டிரம்மும் அதைச் சுற்றியுள்ள வெளித் தொட்டியும் சேர்ந்தே அசைந்தால் அது இயல்பு, ஏனென்றால் முழுத் தொட்டியும் ஸ்பிரிங்கில்தான் தொங்குகிறது. டிரம் மட்டும் தனியாக எழும்பி, கதவோரத்திலுள்ள ரப்பர் வளையத்துக்கும் டிரம்முக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலும் கீழுமாக மாறினால், பேரிங்கோ அதைத் தாங்கும் தண்டுப் பகுதியோ தளர்ந்துவிட்டது என்று பொருள். கையை எடுத்துவிட்டு வெளித் தொட்டியைக் கீழே அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றுவிட வேண்டும். திரும்பத் திரும்பத் துள்ளினால், அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் உழைப்பை நிறுத்திவிட்டது. அதை ஜோடியாக மாற்றினால் போதும், புதிய இயந்திரம் வாங்கத் தேவையே இல்லை. கணகணவென்று உலோகச் சத்தம் வந்தால் ஊக்கு, காசு, உள்ளாடைக் கம்பி ஆகியவற்றில் ஏதாவது டிரம்முக்கும் தொட்டிக்கும் இடையில் விழுந்திருக்கும் அல்லது டிரெயின் பம்பில் சிக்கியிருக்கும். முன்புறம் கீழே உள்ள சிறிய மூடியைத் திறந்து, தண்ணீரை வடித்துவிட்டு, பில்டரைச் சுத்தம் செய்யுங்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில் வயல் எலிகள் வீடுகளை நோக்கி வரும். பல ஃப்ரண்ட் லோடு இயந்திரங்களின் அடிப்பாகம் திறந்தே இருக்கும். உள்ளே புகும் எலி ஒயரையும் குழாயையும் பெல்ட்டின் விளிம்பையும் கடித்துவிட, பெல்ட் அடித்துக்கொண்டு ஓடும் ஓசை பேரிங் சத்தமாகத் தவறாகக் கருதப்படுவதுண்டு. பின்பலகையைக் கழற்றினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நீங்கள் விவரித்த சத்தத்தை வைத்துப் பார்த்தால், வேகத்தோடு சேர்ந்து உயரும் இரைச்சல் பேரிங்கையே சுட்டுகிறது. மெக்கானிக் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் பேரிங் தானாகக் கெடுவது அரிது. அதற்கு முன்னால், தொட்டியின் பக்கம், ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம் தண்ணீரைத் தடுத்து நிற்கிறது. அது தேய்ந்ததும் சோப்புநீர் கசிந்து பேரிங்கின் கிரீஸைக் கரைக்கிறது, உருண்டைகள் துருப்பிடிக்கின்றன, அதன் பிறகுதான் சத்தம் கேட்கத் தொடங்குகிறது. பின்பலகையைக் கழற்றும்போது, தொட்டியின் நடுவிலிருந்து கீழ்நோக்கித் துருநிறத்தில் ஒரு கோடு வழிந்திருக்கிறதா என்று மெக்கானிக்கோடு நின்று நீங்களும் பாருங்கள். அந்தக் கோடு இருந்தால் கசிவு நடந்திருப்பது உறுதி. அந்த நீர் கீழே உள்ள மோட்டாரின்மேல் விழக்கூடும் என்பதால், பிளக்கின் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்க்காமல் இயந்திரத்தை மறுபடி ஓட்ட வேண்டாம்.

ஆகவே பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு பழைய ஆயில் சீலை அப்படியே போட்டு மூடுகிற வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். சில மாதங்களில் அதே சத்தம் திரும்பிவிடும். இரண்டு பேரிங்குகளையும் ஆயில் சீலையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். பேரிங் பொதுவான அளவில் வருவது. அதன்மேல் எண் பொறிக்கப்பட்டிருக்கும், பம்ப்செட் மோட்டாருக்கு பேரிங் விற்கும் கும்பகோணத்துக் கடையிலோ தஞ்சாவூர்க் கடையிலோ அதே எண்ணைச் சொல்லி, பெட்டியோடும் பில்லோடும் வாங்கலாம். ஆயில் சீல் பெரும்பாலும் அந்தந்த மாடலுக்கென்றே செய்யப்படுவது. வேலை தாமதப்படுவதும், கிட்டத்தட்ட பொருந்துகிற ஏதோ ஒன்றைப் போட்டு அனுப்பிவிடுவதும் அதில்தான். எனவே சரியான ஆயில் சீல் கைக்கு வந்த பிறகே இயந்திரத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

பிரித்ததும் பார்க்க வேண்டியது ஸ்பைடர். டிரம்மின் பின்புறத்தை மூன்று கைகளால் பிடித்துத் தண்டோடு இணைக்கும் அலுமினியக் கலவை உலோகம் இது. டிரம் துருப்பிடிக்காத எஃகு, ஸ்பைடர் அலுமினியம். இரண்டு வேறு உலோகங்கள் உப்புநீரிலும் சோப்புநீரிலும் ஒன்றையொன்று தொட்டபடி நனைந்துகொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். கைகளில் குழிகளும் சாம்பல் நிறப் பொருக்கும் தெரிந்தால், புதிய பேரிங் போட்டாலும் பயனில்லை. வேகமாகச் சுழலும்போது ஒரு கை முறிந்தால் வெளித் தொட்டியையே கிழித்துவிடும். தண்டில் ஆயில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புதிய சீலும் கசியத்தான் செய்யும்; அப்போது ஸ்பைடரையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது கேள்வி, வெளித் தொட்டியைத் திறக்க முடியுமா என்பது. சில இயந்திரங்களில் தொட்டியின் இரு பாதிகளும் சுற்றிலும் திருகுகளால் இணைக்கப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் பிளாஸ்டிக்கையே உருக்கி ஒட்டியிருப்பார்கள். ஒட்டிய தொட்டியில் பேரிங் கெட்டால் முழுத் தொட்டியையும் மாற்றுவதே தயாரிப்பாளர் வகுத்திருக்கும் வழி. ரம்பத்தால் அறுத்துத் திறந்து, திருகு போட்டு, சிலிக்கான் பூசி மூடித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கைதேர்ந்தவர் செய்தால் சில காலம் ஓடும்; ஆனால் மேலே சொன்ன 200 கிலோ விசையை நினைத்துப் பார்க்கும்போது, எட்டு வயதான பிளாஸ்டிக்கில் அந்த வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தாலே திருகா ஒட்டா என்பது தெரியும் என்பதால், முன்பணம் கொடுக்கும் முன் இதைக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது பணக் கணக்குக்கு வரலாம். நன்றாக அமைந்த புதிய இயந்திரம் பத்து ஆண்டுகள் உழைக்கும் என்று வைத்தால், 30,000 ரூபாய் என்பது ஆண்டுக்கு 3,000. உங்களுடையது சரியாகப் பழுது பார்க்கப்பட்டு இன்னும் நான்கு ஆண்டுகள் ஓடினால், 6,500 ரூபாய் என்பது ஆண்டுக்கு 1,625 ரூபாய்தான். இந்தக் கணக்குப்படி 12,000 ரூபாய் வரை செலவிடலாம் என்று தோன்றும். ஆனால் எட்டு வயது இயந்திரத்தில் நாளைக்கே மின்பலகையோ மோட்டாரோ போகலாம் என்பதையும் சேர்த்துப் பார்த்து, நான் 10,000 ரூபாயோடு கோடு போடுவேன். தொட்டியைத் திறக்க முடிகிறது, ஸ்பைடர் நன்றாக இருக்கிறது, இரண்டு பேரிங்குகள், ஆயில் சீல், ஏற்றியிறக்கும் செலவு, கூலி எல்லாம் சேர்த்து 6,500, ஆறு மாதமாவது எழுத்தில் உத்தரவாதம் என்றால், தயங்காமல் பழுது பாருங்கள். ஸ்பைடரும் போயிருந்தால் புதிய ஸ்பைடரோடு சேர்ந்த மொத்த விலையைக் கேட்டு, அந்தக் கோட்டுக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஒட்டிய தொட்டி என்றாலோ, மின்பலகை ஏற்கெனவே ஒருமுறை பழுது பார்க்கப்பட்டது என்றாலோ, புதியதுதான் சரி. பிரித்துப் பார்த்த பிறகு வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் எவ்வளவு கூலி என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். உத்தரவாதத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னால் மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்; ரசீது இல்லாமல் அந்தப் புகாருக்கு வலு இருக்காது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் இயந்திரத்தை மாற்றினாலும் தண்ணீர் மாறப்போவதில்லை. வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளின் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கிறது; உங்கள் ஊர் கடலிலிருந்து தள்ளியிருந்தாலும், போர் தண்ணீரை ஒருமுறை பரிசோதித்து உப்பையும் கடினத்தன்மையையும் தெரிந்துகொள்ளுங்கள். கடின நீரில் நுரை வராததால் நாம் பவுடரை அள்ளிப் போடுகிறோம். அலசியும் போகாத அந்தப் பவுடர் டிரம்முக்குப் பின்னால் களிம்பாகப் படிந்து, ஸ்பைடரை ஓயாமல் நனைத்துவைத்திருக்கிறது. பவுடரைக் குறைத்து, கூடுதலாக ஓர் அலசலைச் சேர்த்து, துவைத்து முடிந்ததும் கதவைத் திறந்தே வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 கிராம் எலுமிச்சை உப்பைப் (சிட்ரிக் அமிலம்) போட்டு, துணியில்லாமல் வெந்நீரில் ஓடவிட்டு, நன்றாக அலசினால் படிவு கரையும். அதோடு பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சையோ எக்காரணத்தைக் கொண்டும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு உண்டாகும். வண்டல் மண்ணில் இறக்கிய போரிலிருந்து நுண்மணலும் வரும் என்பதால், தண்ணீர்க் குழாய் இணையும் இடத்திலுள்ள சிறிய வலையையும் அவ்வப்போது கழற்றிக் கழுவுங்கள்.

புதியது வாங்குவதென்று முடிவானால், வந்து பொருத்துபவர் பின்புறத்திலுள்ள போக்குவரத்து போல்ட்டுகளை (வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் பிடித்துவைப்பவை) கழற்றிவிட்டாரா என்று எண்ணிப் பார்த்து, அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். அவற்றோடு ஓட்டினால் முதல் நாளே இப்போதையதைவிடப் பெரிய சத்தம் வரும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் பத்து வருட உத்தரவாதம் பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டுமே. பேரிங்குக்கும் தொட்டிக்கும் எத்தனை வருடம் என்பதைத் தனியாகக் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.