சிட்டுக்குருவி குறைந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

'நாட்டில் உள்ள எல்லாக் குருவியையும் யாராலும் எண்ண முடியாதே, அப்புறம் எப்படிக் குறைந்துவிட்டது என்கிறார்கள்?' என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான சந்தேகம். உண்மையில் யாரும் எண்ணுவதில்லை.

பறவை ஆர்வலர்கள் தாங்கள் பார்த்தவற்றை ஈபேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியலாகப் போடுகிறார்கள். நூறு பட்டியல்களில் எத்தனையில் சிட்டுக்குருவி இருக்கிறது, அந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்பதுதான் கணக்கு. கண்ணில் பட்ட எல்லா இனத்தையும் எழுதிய முழுப் பட்டியல்தான் இதற்கு உதவும். அதில்தான் 'குருவி இல்லை' என்பதும் ஒரு தகவல்.

சிக்கல் இனிமேல்தான். ஒருவர் பத்து நிமிடம் பார்ப்பார், இன்னொருவர் காலை முழுக்கச் சுற்றுவார். ஆர்வலர்கள் அதிகமுள்ள ஊர்களிலிருந்து பட்டியல் வந்து குவியும். அதனால் பட்டியலின் நீளத்தை, அதாவது அதில் எத்தனை இனங்கள் இருக்கின்றன என்பதை, தேடலின் அளவாக எடுத்துக்கொண்டு, நாட்டைக் கட்டங்களாகப் பிரித்து, புள்ளியியல் கணக்கீட்டால் இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டுகிறார்கள். இல்லையென்றால் மாறியது பறவையா, பார்ப்பவர்களா என்றே தெரியாது.

2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை இப்படி ஒரு கோடிக்கும் அதிகமான பதிவுகளைக் கொண்டு 867 இனங்களை அலசியது. சிட்டுக்குருவி நாடு முழுக்கப் பார்த்தால் ஏறத்தாழ நிலையாகவே இருந்தது, பெருநகரங்களில்தான் குறைந்திருந்தது.